ஐந்துக்கு ஒன்றரை

"சார், உங்க ஹெட்போன்ல வலது பக்கம் கேக்கவே இல்லையே?"

பக்கம் வடிவமைப்பவர் இரவல் வாங்கிப் போனதைத் திருப்பிக்கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்துக்கு இரண்டு போடுவதா இரண்டரை போடுவதா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? ஆசிரியர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் பதினெட்டு வருடமாகப் பாட்டுக் கேட்கிறேன். பாட்டுத் தொகுப்புக்கும் தொடருக்கும் மார்க் போடுகிறவனுக்கு ஒரு காதே தாராளம் என்று நினைப்பு.

அவர் போகாமல் நின்றார். "அப்ப உறையில ரெண்டு நாற்காலி போட்ட அந்த ஆல்பத்தையும் இதுலதான் கேட்டீங்களா? அதுல ஆம்பளக் குரல் வலது பக்கம் மட்டும்தானே வரும்?"

எந்த ஆம்பளக் குரல்? நான் கேட்டது ஒரு பெண் குரலை மட்டும்தான்.

எங்கள் வார இதழில் எனக்கு 'அரை மார்க்' என்று பெயர். யாருக்கும் முழுசாக எதையும் கொடுக்காதவன், ஒன்றரை, இரண்டரை என்று இழுப்பவன். இன்னொரு பட்டப்பெயர் 'ஒற்றக்கா'. ஜன்னலோரம் உட்கார்ந்து பிழை திருத்துபவருக்கு. யார் எதை எழுதினாலும் விட்டுப்போன ஒற்றெழுத்து, 'க்' 'ச்' 'ப்' எல்லாவற்றையும் சிவப்பு மையில் சொருகிவிடுவார். பேச்சு மட்டும் தேடித்தான் கேட்க வேண்டும், அவ்வளவு மெதுவாக வரும்.

அந்த மெதுவான குரலில் அவர் என்னோடு சண்டை போட்டது ஒரே ஒரு தடவை. ரயில்வே குடியிருப்பில் நடக்கிற ஒரு தொடருக்கு நான் ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தேன். "ஒண்ணு ரொம்பக் கம்மி சார். எங்க வீட்டுல அவர் ஒரு நாள் விடாம பாக்குறார். அவருக்குப் புடிச்சா அது லேசுப்பட்டது இல்ல" என்றார். நாலு பேர் முன்னால் சொன்னதுதான் எனக்கு ரோசம். "அக்கா, எழுத்துல தப்பிருந்தா திருத்துங்க. அபிப்பிராயத்துல கை வைக்காதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன்.

அதன்பிறகு வந்ததுதான் அந்த ஆல்பம். எட்டுப் பாட்டு. பாடியவர் பெயரோ முகமோ இல்லை, உறையில் இரண்டு காலி நாற்காலிகள் மட்டும். மதியச் சாப்பாட்டு மயக்கத்தில், நடுவே இரண்டு கடிதங்களுக்குப் பதில் போட்டுக்கொண்டே கேட்டேன். ஒரு பெண் ஏதோ கேட்பதுபோல இரண்டு வரி பாடுவாள், நிறுத்துவாள். வெறும் வாத்தியம் போகும். மறுபடி இரண்டு வரி. எனக்கு எரிச்சல். 'ஒற்றை குரலில் எட்டுப் பாட்டு. பாடகி கேட்டுக்கொண்டே இருக்கிறார், பதில் சொல்ல ஆளில்லை. இரண்டாவது குரல் ஒன்று இருந்திருந்தால் பிழைத்திருக்கும்' என்று எழுதி, ஐந்துக்கு ஒன்றரை போட்டு அனுப்பினேன்.

பிழை திருத்தி வந்த தாளில், ஒற்றைக்கும் குரலுக்கும் நடுவே ஒரு 'க்' சொருகியிருந்தது. பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. என் அபிப்பிராயத்தில் மறுபடி மூக்கை நுழைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கேள்விக்குறியை அடித்து, 'என் கருத்து. தொட வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அப்படியே அச்சாகி மூன்று வாரம் ஆகிவிட்டது.

வடிவமைப்பவர் மேசையில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் உண்டு. நடுவில் உட்கார்ந்து முதல் பாட்டைக் கேட்டேன். பெண் இரண்டு வரி பாடி நிறுத்தினாள். வலது பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு. அவசரமே இல்லாமல், அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. அடுத்த தடவை அவள் பாடும்போது அடியில் லேசாக முனகிக்கொண்டு கூடவே போனது. அவள் நிறுத்தியதெல்லாம் அந்த ஆளுக்கு இடம் விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு திருத்தம் போட வேண்டும், கேள்விக்குறி போட்டவரிடம் முதலில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒற்றக்காவிடம் போனேன். "நீங்க அன்னிக்குக் கேட்டது சரிதான் அக்கா. அதுல இன்னொரு குரல் இருக்கு. நான்தான் கேக்கல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேனாவை மூடினார். "எங்க வீட்டுக்காரர் குரல் சார் அது. பொம்பளக் குரல் நான்."

மீதியையும் அவரே சொன்னார். வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் தேதி குறித்தபிறகு, பேச்சு மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட, தெரிந்தவர் ஸ்டூடியோவில் பதினோரு நாளில் எட்டுப் பாட்டையும் பாடி முடித்திருக்கிறார்கள். இப்போது அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதித்தான் காட்டுகிறாராம்.

"சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொந்த ஆல்பம்னு சொல்லி மார்க் கேக்கவா? தப்புன்னு பட்டுச்சு, கேள்விக்குறி போட்டேன். தொட வேண்டாம்னு எழுதிட்டீங்க."

"அவர் படிச்சாரா?"

"காலைல ஷேவ் பண்ணும்போது தினமும் அதப் போட்டுக் கேப்பார். உங்க விமர்சனம் வந்த அன்னிக்கு நோட்ட நீட்டினார். 'ரெண்டாவது குரல் இல்லேங்கிறாரே, நமக்கு மட்டும்தான் கேக்குதா?'ன்னு எழுதியிருந்தார். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அதுக்கப்பறம் அவர் அதப் போடறதே இல்ல."

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள், துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். இது போகவில்லை. ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்த குரலை இல்லையென்று அச்சில் சொல்லிவிட்டேன். அதில் அவர் மனைவி கையாலேயே ஓர் ஒற்றும் போட வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் நான்கு வரி இடம் கொடுத்தார். நான்கு வரிக்கு ஏழு தாளைக் கிழித்தேன். கடைசியில் எழுதியது இதுதான்: 'இரண்டு நாற்காலி ஆல்பத்தை ஒற்றைக் குரல் என்று எழுதியது என் தவறு. சரியாகக் கேட்காமல் எழுதினேன். எட்டுப் பாட்டிலும் இரண்டாவதாக ஓர் ஆண் குரல் இருந்தது. ஐந்துக்கு நாலரை.' நாலரை உண்மையா, பாவம் பார்த்துப் போட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. இனி அந்தப் பாட்டைப் பாட்டாக மட்டும் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எதுவும் பிழை திருத்தாமல் அச்சுக்குப் போகாது. தாளை நானே கொண்டுபோய் ஒற்றக்கா முன்னால் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் 'ஐந்துக்கு நாலரை'யை ஒரே கோட்டில் அடித்தார்.

"இது வேண்டாம் சார். எதுக்குக் கூடுச்சுன்னு அவர் கண்டுபுடிச்சிடுவார்."

பிறகு அதற்கு முந்தின வரிக்குப் போய், 'இருந்தது' என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. மை லேசாகப் பரவியது.

"காலம் தப்பா இருக்கு சார்" என்றார். அடித்துவிட்டு, மேலே 'இருக்கிறது' என்று எழுதினார். எப்போதும் எழுதுவதைவிடப் பெரிய எழுத்தாக இருந்தது.

தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். கீழே, திருத்தத்துக்குக் கட்டுரையாளர் ஒப்புதல் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் என் விரல் நின்றது. சிவப்பு மை இன்னும் காயவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.