சூறாவளியும் கணவாயும் ஒரு மைக்கும்

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. ஒரு சஞ்சிகைக்கு இரண்டு கட்டுரை தருவதாக வாய்விட்டுவிட்டேன். ஒன்று, இன்றைய வீடியோ கேம்கள் பற்றி என் சொந்த அபிப்பிராயம். மற்றது, அரசியலில் பாகுபாடு பற்றி என் சொந்த அபிப்பிராயம். கேமில் நான் இறங்கிய இடத்திலேயே சாகிற ஆள். அரசியலில் இறங்கியதே இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து லவீனாவின் தலையில் கட்டுகிறேன்.

குருநகர்க் கடலில் சூரியன் மெல்ல மெல்ல

(வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

லவீனா ஒரு சாதாரணப் பெண். அவளுடைய கண்களில்

(இதை வாசித்தால் என்னைச் சுடுவாள். கேமில்தான்.)

2

லவீனா மீனவர் ஊரான குருநகரில், ஐஸ் கம்பனி ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். வேலை முடிந்து வந்தால் ஃபோனில் ஒரு கேம். நாலு பேர் ஒரு அணியாக விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும்.

கேம் பற்றி அவளுக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு. "இப்பத்தைய கேமிலை சுடுறதை விட உடுப்பு மாத்திறதுதான் கூட. கிழமைக்கொரு அப்டேட் வரும், பழைய பிழை அப்பிடியே கிடக்கும்" என்பாள். [இந்த இரண்டாவது வசனத்தை அரசியல் கட்டுரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று குறித்திருந்தேன்.]

முதன்முதல் மைக்கைப் போட்டுக் கதைத்த அன்று, அணியில் இருந்த பொடியள் கேட்டார்கள்: "அக்கா, சமைச்சு முடிஞ்சுதோ?" அடுத்த நாளே குரல் மாற்றுகிற ஆப் ஒன்றை இறக்கினாள். பெயரையும், மை கக்கி ஒளிகிற 'கணவாய்' மீனின் பெயராக மாற்றினாள். அதற்குப் பிறகு தொண்டை கட்டிய ஆம்பிளைக் குரலில் கட்டளை போட்டாள். எல்லோரும் கேட்டார்கள்.

மற்றவர்களை விட அதிகம் கேட்டவர் 'சூறாவளி' என்ற பெயரில் விளையாடுகிறவர். கணவாய் "குனி" என்றால் குனிவார், "ஓடு" என்றால் ஓடுவார். தனியாக விட்டால் ஒரு நிமிடம் தாங்கமாட்டார். "அண்ணை, நீங்கள் இல்லாட்டி நான் இல்லை" என்று அடிக்கடி உருகுவார்.

3

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கையோடு, வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வீட்டுக்காரர் நிக்கிறியளோ?"

லவீனா அப்படியே நின்றுவிட்டாள். அது சூறாவளியின் குரல்.

[இவரை இளைஞனாக்கிப் பார்த்தேன், கதை காதல் பக்கம் ஓடியது. கெட்டவனாக்கிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. உள்ளபடியே விடுகிறேன்.]

பஞ்சலிங்கம். ஐம்பது வயது, வலிகாமத்து ஆள், சிறிய தொப்பை, வெள்ளைச் சேட்டு, ஒரு கட்சியின் அமைப்பாளர். உள்ளூராட்சித் தேர்தல் வருகிறது. பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒராள் குறைகிறது.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. பேரும் படமும் தந்தாக் காணும். உங்கடை ஆக்களின்ரை வாக்கும் கொஞ்சம் விழும்."

"கூட்டத்திலை நான் கதைக்கலாமோ?"

"சீச்சீ, உங்களை அப்பிடிக் கஷ்டப்படுத்துவமே?"

லவீனாவின் தாய் மார்கிரட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "குடியுங்கோ, ஆறுது."

"எனக்குச் சுகர் அம்மா."

"சீனி போடேல்லை."

"வெறுந்தேத்தண்ணியும் கூடாதாம். டொக்டர் சொன்னவர்."

அன்று பின்னேரம் கேமில், தீவுக்குக் குதிக்கப்போகிற நேரம், சூறாவளி சொன்னார்: "அண்ணை, ஒரு நிமிசம் பொறுங்கோ. மனிசி கேசரி கிண்டினவ. ரெண்டாந்தரம் போட்டுக்கொண்டு வாறன்."

லவீனா முதலில் சிரித்தாள். பிறகு காது சுட்டது. சாதி பார்க்கிற சிலர் சில வீடுகளில் வாய் நனைக்கமாட்டார்கள் என்பது அவள் அறியாததல்ல. ஆனால் தினமும் அவள் காப்பாற்றிக் கரைசேர்க்கிற ஆள்!

[இந்த இடத்துக்கென்று பாகுபாடு பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கேசரி வந்ததும் கிழித்துவிட்டேன்.]

ஆனாலும் பட்டியலில் கையெழுத்து வைத்தாள். காரணம் ஒன்றுதான். மார்கிரட் மீன் விற்கிற சந்தையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. பூட்டியே கிடக்கும். பூட்டின் திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. மீன்காரிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதை யாராவது ஒரு மைக்கில் சொல்ல வேண்டும்.

4

கூட்டம். மேடையில் ஆண்களுக்குக் கதிரை. பெண் வேட்பாளர்களுக்குக் கீழே, ஒலிபெருக்கிக்குப் பின்னால், உட்கார ஒரு நீள வாங்கு. லவீனா பேசவிடும்படி இரண்டு தரம் கேட்டாள். "நேரமில்லை தங்கச்சி" என்றார் பஞ்சலிங்கம். தலைவர் சோமசேகரம் மட்டும் முடிவில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

மேடைக் கடைசிக் கதிரையில் பஞ்சலிங்கம் குனிந்திருந்தார். ஒரு காதில் இயர்போன். மடியில் ஃபோன். கட்டைவிரல்கள் துள்ளின.

லவீனாவுக்கு அந்தத் துள்ளல் பழக்கம். எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடிக்குப் போனாள். கேமைத் திறந்தாள். ஆப்பைப் போட்டாள்.

"சூறாவளி, கணவாய் கதைக்கிறன்."

அவரால் மேடையில் வாய் திறக்க முடியாது. தட்டச்சில் பதில் வந்தது: "அண்ணை! உங்கடை பக்கமும் ஏதோ கூட்டம் கேக்குது?"

"எல்லா இடமும் இதே பேச்சுத்தான். நீ கட்சிக்காரன் எண்டு கேள்விப்பட்டன். ஒரு உதவி வேணும். உங்கடை பட்டியலிலை லவீனா எண்டொரு பிள்ளை நிக்குது. அவவுக்கு மைக்கைக் குடு."



"தலைவர் கோவிப்பார் அண்ணை."

"அப்ப நாளையிலையிருந்து தனிய விளையாடு."

மண்டபத்துக்குள் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. சோமசேகரத்தின் குரல் பாதி வசனத்தில் நின்றது. பஞ்சலிங்கத்தின் குரல் அவசரமாக வந்தது: "இப்ப எங்கடை வேட்பாளர், செல்வி லவீனா, சில வார்த்தைகள்..."

லவீனா ஓடினாள். மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள். தீவில் மூன்று பேருக்குத்தான் கதைத்துப் பழக்கம். வாய் திறந்ததும் பழக்கத்தில் முதலில் வந்தது இதுதான், சொந்தக் குரலில்:

"சூறாவளி, குனி!"

முழுச் சனத்துக்கும் முன்னால் பஞ்சலிங்கம் சட்டென்று குனிந்தார்.

குனிந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் லவீனா மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். கழிப்பறை, பூட்டு, திறப்பு, மீன்காரிகள், எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தத் திறப்பு ஆரிட்டை?" என்று கேட்டாள். மண்டபம் திரும்பி மேடைக் கதிரைகளைப் பார்த்தது. சோமசேகரம் தன் சேட்டுப் பையைத் தடவிப் பார்த்ததை நான் கண்டேன்.

5

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன்.

அ) பஞ்சலிங்கம் கண்ணீர்விட்டுத் திருந்துகிறார். (நானே நம்பவில்லை.)

ஆ) லவீனா வென்று மேயராகிறாள். (இதை எழுதுகிற நேரம் தேர்தலே நடக்கவில்லை.)

இ) பஞ்சலிங்கம் கேமை அழித்துவிடுகிறார். (அதில் அவர் 'தளபதி' பட்டம் வரை வந்திருந்தார். பட்டத்தை விடுகிற அரசியல்வாதியை நான் எங்கே போய்த் தேட?)

நடந்தது இவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. மண்டபத்துப் படியில் லவீனா நின்றாள். பஞ்சலிங்கம் ஃபோனைக் கையில் பிடித்தபடி வந்தார். ஒரு படி கீழேயே நின்றுவிட்டார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தங்கச்சி என்றால், இவ்வளவு நாளும் அண்ணை என்று உருகியது என்னாவது? அண்ணை என்றால், ஊர் என்ன சொல்லும்? பிள்ளை? மிஸ்? மெம்பர்?

"..........., நாளைக்கும் கேமுக்கு வருவியளோ?"

அந்த இடத்தை நான் நிரப்பமாட்டேன். எனக்கு இரண்டு கட்டுரை இருக்கிறது. லவீனா கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிட? நீங்கள் சொல்லுங்கோ.