நிபால்தீத்தா (பெயர் உறுதியாகவில்லை)

1

இந்தக் கதை தண்ணீர் லாரி ஓட்டும்போது எனக்குக் கிடைத்தது. அத்தகாமா பாலைவனத்தில் மழையை நம்பி யாரும் இல்லை. சுரங்கங்களுக்கு நான் கொண்டுபோய் ஊற்றினால்தான் தண்ணீர். தொட்டி நிறையும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சுரங்கக்காரர் ரோசாமெல் சொன்னது இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுரங்கம் சரிந்து ரோசாமெலின் தம்பி நிபால்தோ உள்ளே சிக்கியபோது அவனிடம் ஒரு பாட்டில் தண்ணீர்தான்'

நிறுத்திவிட்டேன். சாவில் தொடங்கினால் யாரும் கல்லைப் பார்க்க மாட்டார்கள்.

2

நிறம்: ஈறுபோல இளஞ்சிவப்பு. கடினம்: நகத்தால் கீறலாம். வகை: ஆர்சனேட், பாஷாணம் சேர்ந்த உப்பு. சிவப்பு அதிலுள்ள கோபால்ட்டின் வேலை. கிடைக்குமிடம்: நிபால்தோ செத்த சுரங்கத்தின் ஒரே ஒரு சுவர். கரைதிறன்: (பிறகு சொல்கிறேன்.)

அங்கே கல்லை உடைத்ததும் நக்கிப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால்தான் தூசி போய் அசல் நிறம் தெரியும். நகரத்திலிருந்து வந்த கனிம ஆய்வாளர் மாரிட்சா அதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"இத மட்டும் நாக்குல வெச்சிடாதீங்கண்ணே. விஷம்."

"இங்க எது டாக்டரம்மா விஷமில்ல? என் பொண்டாட்டி சூப்பக் குடிச்சுப் பாருங்க" என்றார் ரோசாமெல்.

மாரிட்சா சொன்னது அவ்வளவுதான். நாக்கைப் பற்றி மட்டும்.

இது புதுக் கனிமம், உங்கள் தம்பி நினைவாக நிபால்தீத்தா என்று பெயர் வைக்கப்போகிறோம் என்றாள்.

"பொட்டப்புள்ள பேரு மாதிரி இருக்கு. அவன் கேட்டா சுத்தியலத் தூக்கிட்டு வருவான்" என்று ரோசாமெல் சிரித்தார். பிறகு கேட்டார்: "எத்தன நாளைக்கு நிக்கும் அந்தப் பேரு?"

"கல்லப் படிக்கிறவங்க இருக்கிறவரைக்கும்."

நிபால்தோவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பாதையோரத்தில் அவன் நினைவுக்குத் தகரத்தால் செய்த சின்னக் கோயில் வீடு ஒன்று, அதில் அவன் பெயர். வருடா வருடம் வெயில் அந்தப் பெயரைத் தின்றுவிடும். ரோசாமெல் மறுபடி பெயின்ட் அடிப்பார்.

3

(மாரிட்சாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் அப்படி இல்லை.)

ஒரு நாள் அவள் திரும்பி வந்தாள். கொண்டுபோன துண்டெல்லாம் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு துண்டாவது அருங்காட்சியகத்தில் இருந்தால்தான் பெயரை ஏற்பார்கள். சுவரோ மறுபடி சரிந்து இப்போது முழுக்கப் புதைந்துவிட்டது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம வாங்க" என்றார் ரோசாமெல்.

4

சனிக்கிழமை அந்தக் கல்லைத் தம்பியிடம் காட்டக் கொண்டுபோனார். தோண்டி எடுத்தபோது நிபால்தோவின் பாட்டில் காய்ந்து கிடந்ததால், அவ்வழியே போகிறவர்கள் தகர வீட்டின் முன்னால் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். கல்லை அங்கிருந்த சிமென்ட் மேடையில் வைத்தார். ஒரே தூசி. நக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார்.

நிறம் குபீரென்று எழும்பியது.

"பாருடா, எம்மாம் அழகு உன் மூஞ்சி!" என்று மீதியையும் ஊற்றினார். நனைந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

கரைதிறன்: தண்ணீரில் முழுதாகக் கரையும்.

5

ஞாயிறு காலை மேடையில் இருந்தது சிவப்பெல்லாம் கரைந்துபோன வெறும் வெள்ளைக் கல்.

கூட்டிவந்த மாரிட்சாவிடம் தண்ணீர் ஊற்றியதை ரோசாமெல் சொன்னார். அவள் குனிந்தாள். காய்ந்த மேடையின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு ஊசிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"திரும்ப வளந்திருக்கு. அதேதாண்ணே."

"அப்போ எடுத்துக்கங்க!"

"முடியாது. தானா விளஞ்சாத்தான் கனிமம். மனுசன் கை பட்டு விளஞ்சா வெறும் உப்பு."

"என் கையா? என் தம்பிக்கு நான் ஊத்துன தண்ணிம்மா."

ரோசாமெல் குரலைத் தாழ்த்தினார். "ஊத்துனது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். அவன் யார்கிட்டயும் சொல்லமாட்டான்."

மாரிட்சா பையிலிருந்து பேனாக்கத்தியையும் ஒரு கண்ணாடிக் குப்பியையும் எடுத்தாள்.

6

கதை இந்த இடத்துக்கு வந்தபோது தொட்டி நிரம்பி வழிந்தது. "குழாய மூடுய்யா, முண்டம்! தண்ணி போவுது பாரு" என்று ரோசாமெல் கத்தினார். அதன்பின் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

எழுதிப் பார்த்த முடிவுகள்: அவள் சுரண்டிக் குப்பியில் போட்டு 'சுரங்கச் சுவர்' என்று எழுதினாள். பெயர் நின்றது, ஒரு பொய்யின் மேல். அல்லது, கத்தியை மடக்கினாள். ரோசாமெல் பெயின்ட் டப்பாவைத் தேடிப் போனார். அல்லது, அவள் அழுது (இது வேண்டாம். அவள் அழுகிற ஆள் இல்லை.)

வாரம் ஒருமுறை அந்தத் தகர வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். மேடையில் சிவப்பு மிச்சம் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இறங்கியதில்லை.

தலைப்பில் ஒரு பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள்.