அடையில் இருக்கும் பெங்காலி

காலையில் வேலைக்குப் போகும்போது அந்தக் கமரா இல்லை. பின்னேரம் வந்து பார்த்தால் கூரைத் தாழ்வாரத்தில் கறுப்பாக ஒன்று பூட்டியிருந்தது. குருவிக் கூண்டைப் பார்த்தபடி இருந்தது. கூண்டை மட்டும் பார்த்தால் எனக்கென்ன. கூண்டுக்கு நேர் பின்னால் என் அறைக் கதவு.

நான் கிரெய்கிபர்னில் நரசிம்மன் வீட்டு வளவுக்குள், பின் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை, வீட்டு வாசல்களுக்குக் கல் பதிப்பது. நரசிம்மனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, மனைவி கல்யாணி நர்ஸ். இரண்டு பேரும் திருச்சிப் பக்கம். வளவு மூலையில் ஆள் நுழையக்கூடிய பெரிய கம்பிக் கூண்டு கட்டி, அதில் கோல்டியன் குருவிகள் வளர்க்கிறார். ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கும். முட்டை இடும், ஆனால் அடை இருக்காது. இட்டுவிட்டு எழும்பிப் போய்க் கம்பியில் இருந்து இறகு கோதும்.

என்னுடைய பெங்காலிச் சோடியும் அதே கூண்டில்தான். மண் நிறம், ஒருவரும் திரும்பிப் பார்க்காத குருவி. ஆனால் ஆருடைய முட்டையை வைத்தாலும் அடை இருக்கும். இதை நரசிம்மன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, எங்க முட்டையை உங்க பெங்காலிக்குக் கீழ வெச்சிடலாமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு என் சோடி இட்ட முட்டைகளை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டவன் நான்தான். பெங்காலி கூண்டுக்குள் ஒரு சுற்றுப் பறந்தது. பிறகு வந்து கோல்டியன் முட்டைகளுக்கு மேல் இருந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கமரா.

அடுத்த நாள் கல்யாணி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டு சிரித்தாள்.

"அண்ணா, நேத்து முழுக்க அவர் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார். சனிக்கிழமை நேர்லயே பேசுறேன்னார்."

சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசும் அளவுக்கு நான் என்ன செய்துபோட்டேன்? மீன் பொரித்தேன், உண்மை. அந்த மணம் அவர்களுடைய குசினி வரைக்கும் போயிருக்கும். குழாயில் காலைக் கழுவி சீமெந்துத் தண்ணியைப் புல்லுக்குள் விட்டேன். இதற்கெல்லாம் ஒரு மனுசன் வீட்டுக்குள் இருந்து பேசி, போதாதென்று சனிக்கிழமை முகத்துக்கு நேரேயும் பேசப் போகிறானா?

என்னை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற நிதுஷனிடம் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் பேசினவராம்?"

"நேற்று முழுக்க."

"அப்ப சாமானைக் கட்டுங்கோ அண்ணை. கமராவும் பூட்டியாச்சு. எவிடென்ஸ் எடுக்கினம்."

"என்ன எவிடென்ஸ்? நான் குளிச்சிட்டுத் துவாயோட வாறதையோ?"

"அதைப் பாத்தா அவையே கமராவைக் கழட்டிப்போடுவினம்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருக்கிறவனுக்கு எந்த ஏஜென்ட் வீடு தருவான்? இந்த அறை போனால் நிதுஷன் வீட்டு கராஜ்தான். அங்கே குருவிக்கு இடமில்லை.

"அவர் பேச முதல் உங்கட சோடியைத் தூக்குங்கோ," என்றான் அவன். "முட்டை அவையின்ர. குருவி உங்கட."

அது நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை விடிய, கைக்கூண்டை எடுத்துக்கொண்டு பெரிய கூண்டுக்குள் போனேன். கூட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். மற்ற நாளென்றால் பெங்காலி சட்டென்று பறந்துவிடும். இன்று அசையவில்லை. விரலால் மெல்லத் தள்ளினேன். அதன் வயிற்றுக்குக் கீழே தோல் மட்டும் போட்ட மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன. வாய் ஓரத்தில் நீல மணி மாதிரிப் புள்ளிகள். கோல்டியன் குஞ்சுக்குத்தான் அது இருக்கும். பெங்காலி என் விரலைக் கொத்திவிட்டுத் திரும்பவும் அவற்றின் மேல் இருந்தது. இதை எப்படித் தூக்குவது? மூடியை மூடினேன்.

"கூண்டு எதுக்குண்ணே?"

நரசிம்மன் கோப்பிக் கப்போடு வெளியே நின்றார். அவருடைய கண் என் கையில் இருந்த கைக்கூண்டிலேயே நின்றது.

"பேசப் போறீங்களெண்டு கல்யாணி சொன்னவ. பேசுறதெண்டால் இப்பவே பேசிப்போடுங்கோ."

"ஆமா, பேசணும். உக்காருங்க, கொஞ்ச நேரம் ஆகும்."

"இருந்து கேக்கிற அளவுக்கு நான் என்ன பிழை விட்டனான்?"

"பிழையா? யாருண்ணே பிழைன்னு சொன்னது?"

"பிறகு என்னத்துக்கு நாள் முழுக்கப் பேசினீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க ஊர்ல பேசுறதுன்னா என்ன?"

"ஏசுறது."

"அய்யய்யோ. அப்ப பேசுறதுக்கு என்ன சொல்வீங்க?"

"கதைக்கிறது."

"எங்க ஊர்ல கதைன்னா பாதி பொய்ண்ணே," என்று சிரித்தார்.

சினிமாவில் நானும் இந்தச் சொல்லை எத்தனையோ தரம் கேட்டவன்தான். ஆனால் பயந்துபோய் இருக்கிறவனுக்குத் தன் ஊர்க் கருத்துத்தான் காதில் விழுகிறது. குஞ்சு பொரித்துவிட்டது என்று சொன்னேன். அவர் கப்பைப் புல்லில் வைத்துவிட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். என் மனம் ஆறவில்லை. "கமரா ஏன்?" என்று கேட்டேன்.

"சிட்னில இருந்து பாக்கத்தான். கல்யாணிக்கு வெஸ்ட்மீட் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறோம். வீட்டை ஏஜென்ட் கையில விடப்போறோம். குருவியெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். அதைத்தான் பேசிட்டிருந்தோம்."

"அறை?"

"அதையும் ஏஜென்ட்கிட்ட சொல்லிப் பாக்குறேன்."

"சொல்லிப் பாக்கிறதெண்டால்?"

"புதுசா வர்றவங்க என்ன சொல்வாங்களோ, தெரியாதுல்ல."

ஆக, நான் சொல்லைத்தான் பிழையாக விளங்கினேன். பயந்தது பிழையில்லை. வெளியே வந்து, கைக்கூண்டை இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் வைத்தேன்.

"தம்பி, அறை இல்லாட்டி நான் இஞ்ச இல்லை. நான் போனால் என்ர சோடியும் என்னோட வரும். பிறகு உங்கட குஞ்சுக்கு ஆர் இரை தீத்துறது? அந்தக் கலர்க்காரரோ?"

"மிரட்டுறீங்களாண்ணே?"

"இல்லை. கதைக்கிறன்."

அவர் வீட்டுக்குள் போனார். ஜன்னலுக்கால் இரண்டு பேருடைய சத்தமும் வந்தது, சொற்கள் பிடிபடவில்லை. என்னவோ எண்ணிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கோப்பி புல்லிலேயே ஆறிப்போனது. பிறகு அவர் வந்து, பின் அறையை ஏஜென்டுக்குக் கொடுக்கவில்லை, தங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறோம், நீங்கள் இருங்கள் என்றார்.

"கல்யாணிப் பிள்ளையையும் வந்து சொல்லச் சொல்லுங்கோ."

கல்யாணி ஈரக் கையோடு வந்தாள். அதையேதான் சொன்னாள், ஆனால் சிரிக்காமல் சொன்னாள்.

"இப்பவாவது நம்புறீங்களாண்ணா? அந்தக் கைக்கூண்டை எடுத்து உள்ள வைங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் பிள்ளை," என்றேன். "கமராவுக்குத் தெரியிற இடத்திலதானே இருக்கு."