பிப்ரவரியில் முளைத்த டாலியா

பனி ஜன்னல் விளிம்புவரை ஏறியிருந்த பிப்ரவரியில், எங்கள் மாடி அறைக்குள் மட்டும் வசந்தம் வந்திருந்தது. கதவைத் திறந்தால் மழை நனைத்த தோட்டத்தின் மணம். மரத்தூளுக்குள் உறங்க வேண்டிய ஏழு டாலியாக் கிழங்குகள் விரல்நீளத்துக்கு வெளிறிய முளைகளை நீட்டி, வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருந்தன.

என் மனைவி ரோசெல்லா விதையிலிருந்து தானே உருவாக்கிய பூ அது. புகை படிந்த இளஞ்சிவப்பு. உலகில் வேறெங்கும் இல்லை. மே மாதம் நான்கு கிழங்குகளையாவது புதுப் பூக்களை நட்டுத் தேர்வு செய்யும் போட்டித் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அவை முளைக்காமல் உறங்கவே அந்த அறையைக் குளிராக வைத்திருந்தோம்.

"நீதான் தெர்மோஸ்டாட்டைத் திருகியிருக்க ஓடிலோன். முட்டி குளிருதுன்னு," என்றாள்.

"நான் அந்தப் பக்கமே போகல."

"அப்ப கிழங்கு எந்திரிச்சுப் போய்த் திருகிக்கிச்சா?"

அறைச்சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மிகக் குறைந்த கோட்டில்தான் இருந்தது. ஆனால் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், தூங்கும் பசுவின் விலாவைப்போல இளஞ்சூடாக இருந்தது. காதை வைத்தேன். யாரோ வெறுங்காலோடு மெல்லப் படியேறுவதுபோல் உள்ளே தண்ணீர் நடந்துகொண்டிருந்தது.

ஊரில் பாதி வீடுகளின் பாய்லர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓரெல் வந்தான். நிலவறையில், விறகு பாய்லரின் பக்கத்தில் நின்று குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"மாடிக்குப் போற பம்ப் ஓடல அண்ணே. தண்ணி மட்டும் போகுது. சுட்ட தண்ணி லேசு, அதுபாட்டுக்கு மேல ஏறும். ஆறினா இறங்கும். அதை நிறுத்தத்தான் இந்த வால்வு. உள்ள கனமா ஒரு மூடி. பம்ப் தள்ளினாத்தான் தூக்கும்."

வால்வின் தலையிலிருந்த திருகு மேலே தூக்கியிருப்பதைப் பார்த்தவன் சிரித்தான். "சமீபத்துல கரண்ட் போச்சா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஜனவரி உறைமழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பம்ப் நின்றாலும் விறகு எரிந்துகொண்டேதான் இருக்கும். பாய்லர் கொதித்துப் பொங்காமலிருக்க, அந்தத் திருகைத் தூக்கி மூடியைத் திறந்துவிட்டுச் சூட்டை மாடிக்கு ஏறவிடுவோம். தூக்கிவிட்டது நான். விளக்கு எரிந்த மகிழ்ச்சியில் இறக்க மறந்ததும் நான்.

ரோசெல்லா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றேன். "மூடல."

"முட்டியத் திட்டினது தப்பு. மண்டையத் திட்டியிருக்கணும்."

ஓரெல் திருகை இறக்கினான். குழாய்க்குள் ஏதோ மெதுவாக உட்கார்ந்தது.

மாடியில் அவள் முளைகளைக் கிள்ளினாள். இரண்டு கிழங்குகள் சுருங்கிப் போயிருந்தன. மற்ற ஐந்தையும் அழுத்திப் பார்த்தாள். "கெட்டியா இருக்கு. கண்ணும் இருக்கு. திரும்ப முளைக்கும்."

சாயங்காலத்துக்குள் ரேடியேட்டர் ஆறியது. மண்வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, அறை தன் குளிர்காலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கீழே வந்தபோது, சமையலறை ஜன்னலோரம் ஒரு கோப்பை ஈரமணலில், கிள்ளிய முளை ஒன்றை அவள் நட்டிருந்தாள்.

"இது உன் பொறுப்பு," என்றாள். "செத்துச்சுன்னா உன்னையும் மாடி ரூம்லதான் படுக்க வைப்பேன்."