மூன்றாவது துண்டு

கண்ணுக்குத் தெரியாத பாசியை எண்ணுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்களுக்குத் தங்கை பதில் சொல்வதில்லை. துருவக் கடலின் அடிச்சேற்றில் அந்தப் பாசிகளின் கண்ணாடி ஓடுகள் ஆயிரமாயிரம் வருடமாகப் படிந்து கிடக்கின்றன. பனிக்கட்டியை ஒட்டி வாழும் இனம் ஒரு படிவில் நிறைய இருந்தால், அந்தக் காலத்தில் கடல் உறைந்திருந்தது என்று அர்த்தம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்ண வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு அவளை இழுத்து வந்தவள் அக்கா. கப்பலில் போய்ச் சேற்றைக் குழாயோடு எடுத்து, மீட்டர் மீட்டராக வெட்டிக் கொண்டுவந்தவள். முன்னொரு காலத்தில் கடல்பனி திடீரென்று உருகியதற்கு அந்தச் சேற்றில் சாட்சி கண்டு பேர் வாங்கியவள். இப்போது புற்றுநோய் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டிருக்கிறது.

இந்த வருடம் அதே இடத்திலிருந்து புதுச் சேறு வந்தது. தங்கை எண்ணினாள். எல்லாம் அக்கா எழுதியபடியே இருந்தது, மூன்றாவது துண்டைத் தவிர. அது அப்படியே தலைகீழ். பாழாய்ப்போன அந்த ஒரு துண்டில் மட்டும் அடியை மேல் என்று குறித்திருக்கிறாள் அக்கா! திருப்பி வைத்துப் பார்த்தால் பனி திடீரென்று உருகவே இல்லை, மெல்ல மெல்லத்தான் குறைந்திருக்கிறது. தங்கை நாலு தடவை எண்ணினாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? அக்காவின் கட்டுரை வந்த பத்திரிகைக்கே திருத்தம் எழுதி, காலையில் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"என்னடி, கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் எண்ணுறே, ஒரு மாப்பிள்ளை மட்டும் உன் கண்ணுல பட மாட்டேங்கிறானே!" என்று அக்கா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "புதுச் சேறு எண்ணியாச்சா?"

"ஆச்சுக்கா."

"மூணாவது துண்டு?"

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா அதை மட்டும் கேக்குறே?"

"அன்னிக்குக் கப்பல் ரொம்ப ஆடுச்சு. வெட்டின துண்டு கைநழுவி உருண்டுடுச்சு. எது மேல், எது அடின்னு சத்தியமா தெரியலடி. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, குத்துமதிப்பா எழுதிட்டேன். பன்னெண்டு வருஷமா நெஞ்சைப் போட்டு அரிக்குது."

"சரியாத்தான் எழுதியிருக்கே." தங்கையின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நீ சொன்னபடியேதான் இருக்குக்கா."

அக்கா அவள் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் வயித்துல பாலை வார்த்தேடி."

தங்கை வராந்தாவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திருத்தம் அச்சில் வர மூன்று மாதம் ஆகும். அக்காவுக்கு டாக்டர் சொன்ன கெடு இரண்டு மாதம். அந்த டாக்டரின் வார்த்தை பொய்த்துப்போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தவள், அன்று வேண்டவில்லை.