அடுத்தது ஹாஸ்பிட்டல்

அவன் பஸ் டிரைவர். அவள் அதே பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், போனில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் இருந்தாள். இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்பது டெப்போவில் ஒருவருக்கும் தெரியாது. "தெரிஞ்சா அவ்வளவுதான். லீவு கிடைக்கல, ஷிஃப்ட் மாத்தித் தாங்கன்னு ஒவ்வொருத்தனும் உன்கிட்ட சொல்லச் சொல்லி என் உயிர எடுப்பான்" என்று அவன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

பிழைக்க வந்த அந்த ஊரில் இங்கிலீஷ்தான் பேச்சு. வந்த புதிதில் அவன் எதைச் சொன்னாலும் எதிரே இருப்பவர்கள் "என்ன? என்ன?" என்று காதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அந்த அவமானம் தாங்காமல், கேன்டீனில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். வார்த்தையின் முன்னால் வரும் 'ஹ'வை விழுங்கவும், நடுவில் வரும் 'ட்'டைத் தொண்டைக்குள்ளேயே அமுக்கவும் பழகினான். டெப்போ ஆட்கள் அவனுக்கு அவர்கள் பாஷையில் வைத்த பட்டப்பெயருக்கு 'நம்மாளு' என்று அர்த்தம். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அவள் அப்படியில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிடுவாள்.

"அம்மா, ஹாஸ்பிட்டல்ல 'டி'யே கிடையாதும்மா" என்பாள் மகள். பள்ளிக்கூடம் போவதால் அவளுக்கு ஊர்ப் பேச்சு தண்ணீர் பட்டபாடு.

"அப்புறம் எதுக்குடி எழுதி வச்சிருக்கான்?"

அந்த வருஷம் பஸ்களில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் கருவி வைத்தார்கள். குரல் கொடுக்க வேண்டிய தொழில்முறைக் கலைஞர் தலைநகரிலிருந்து வர நாளாகும் போலிருந்தது. அதுவரை ஒரே ஒரு தடத்திலாவது ஓட்டிப் பார்க்கலாம் என்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். போனில் அவள் சொல்லும் விவரத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருந்தார். ஸ்டேஷனரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மில் கேட், பழைய பாலம், மார்க்கெட், ஹாஸ்பிட்டல் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுத்தாள்.

அது அவன் ஓட்டும் தடம்தான்.

"வீட்டுலதான் உன் சத்தம்னு நினைச்சேன். இப்ப பஸ்லயும் பின்னாடியே வந்துட்ட" என்றான் முதல் நாள். அவள் சிரித்தாள்.

ஒரு மதியம் அலுவலகத்தில் மின்சாரம் போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்க்கெட்டில் நல்ல கூட்டம். அவள் நடுக்கதவு வழியாக ஏறிக் கடைசி சீட்டில் இடம் பிடித்தாள். ஓட்டுவது அவன்தான் என்பதைப் பின்னந்தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தன் குரல் கூரையிலிருந்து வருவதைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"அடுத்தது, ஹாஸ்பிட்டல்."

இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் உடனே அதை அப்படியே சொல்லிக் காட்டினார்கள். 'ட்' வரும் இடத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் கையை ஓங்கினார்கள். பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் சக்கரம் வைத்த பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி டிரைவர் பக்கம் குனிந்தார்.

"யாருப்பா இது? ஒழுங்கா பேசத் தெரிஞ்ச ஆளே கிடைக்கலயா உங்களுக்கு?"

அவன் கடைசி சீட்டுவரை கேட்கும்படி ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னான். "சும்மா தற்காலிகம்தாங்க. சீக்கிரம் மாத்திடுவாங்க, கவலைப்படாதீங்க." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான்.

அவள் நடுக்கதவு வழியாகவே இறங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம், "இன்னிக்கி எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"வழக்கம்போலதான்."

அன்றிலிருந்து அவள் அவனிடம் அளந்து பேசினாள். அலுவலகத்தில் ஏதோ தொந்தரவு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

புகார்கள் வந்தன. 'காது கூசுகிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். மேனேஜர் அவளிடம் சங்கடப்பட்டார். "புரியலன்னு யாரும் சொல்லல. பிடிக்கலன்னுதான் சொல்றாங்க. நான் என்ன பண்ண?" தலைநகர்க் குரல் வந்து சேர்ந்தது. வழவழவென்று, எழுத்துகளின் மேல் இஸ்திரிப் பெட்டி ஓடியதுபோல இருந்தது.

ஊர் கொதித்துவிட்டது. அந்தக் குரல் பழைய பாலத்தின் பெயரைத் தலைநகர்க்காரர்கள் சொல்வதுபோல் இழுத்துச் சொன்னது. "எங்க பாலத்துப் பேர எங்களுக்கே சொல்லித் தர வந்துட்டாளா மகாராணி?" என்று ஒரு கிழவர் கருவியைப் பார்த்தே சண்டை போட்டார். முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு புகார் வந்தது. பிறகு ஊர்க்காரர் ஒருவரையே பேசவைத்துப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து ஹாஸ்பிட்டலுக்கு வருபவர்கள் அவர் சொன்னது புரியாமல் அதைத் தாண்டிப் போய் இறங்கினார்கள்.

மேனேஜர் திரும்பவும் அவளையே கூப்பிட்டார். "உங்களுக்கு வந்த புகார்தான் இருக்கறதுலயே கம்மி. எல்லாத் தடத்துக்கும் நீங்களே பேசிடுங்களேன்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒத்துக்க வேண்டியதுதானே?" என்றான் அவன் சாப்பிட்டுக்கொண்டே.

"எதுக்கு? தற்காலிகம்தாங்க, மாத்திடுவாங்கன்னு நீங்க எல்லாருக்கும் சமாதானம் சொல்றதுக்கா?"

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நீ பஸ்ல இருந்தியா?"

"கடைசி சீட்டுல."

அவன் பொய் சொல்லாமல் சொன்னான்.

"பயமா இருந்துச்சு. நான் அவங்கள மாதிரி பேசறதாலதான் என்னைச் சேத்துக்கிட்டாங்க. அது என் பொண்டாட்டின்னு சொன்னா, என்னையும் அந்தப் பக்கம் தள்ளிருவாங்களோன்னு..."

"அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? நான் இருக்கற பக்கமா?"

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் கேன்டீனில், பழைய குரலே வரப்போகிறதாம் என்ற சேதி வந்திருந்தது. அவனோடு வழக்கமாக டீ குடிக்கும் மெக்கானிக் கரண்டியை ஓங்கி, "ஹாஸ்பிட்-டல்!" என்றான். மேஜை முழுக்கச் சிரிப்பு. இன்றைக்குத் தன் சொந்தப் பேச்சையே பேசிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அவன் வந்திருந்தான். வாயைத் திறந்து, வந்த புதிதில் எப்படிப் பேசினானோ அப்படி, டீ மாஸ்டரிடம் ஒரு டீயும் இரண்டு பிஸ்கெட்டும் கேட்டான். நாக்கு ஒத்துழைக்கவில்லை. போன 'ட்'களைத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மெக்கானிக் துள்ளிக் குதித்தான். "அடடா, அச்சு அசல் அவளேதான்! நம்மாளு, இன்னொரு தடவ பண்ணு!"

"நான் யாரையும் பண்ணிக் காட்டல. இங்க வந்தப்ப நான் இப்படித்தான் பேசினேன்."

சிலர் கைதட்டினார்கள்.

"பஸ்ல பேசறது என் பொண்டாட்டி."

பாதிச் சிரிப்பு நின்றது. விஷயம் எட்டாத கடைசி மேஜையில் மட்டும் கொஞ்சநேரம் ஓடியது. மெக்கானிக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப இத்தனை வருஷமா எங்ககிட்ட பேசினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"உன் முன்னாடியே உன் பொண்டாட்டிய நக்கலடிச்சிருக்கேன். ஒரு வார்த்த சொன்னியா நீ? என்னைக் கேனயன் ஆக்கிட்டியே!" மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. டீயை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு, பழைய மாதிரி பேசினது?"

"வரவே இல்ல. உன்னைப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

பல நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மெக்கானிக் பேசறாரா?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுட்டிருக்கான்."

"இருக்கட்டும். கோபப்பட அவருக்கும் நியாயம் இருக்கு."

அடுத்த வாரம் அவள் ஸ்டேஷனரி அறைக்குப் போனாள். இந்த முறை பட்டியல் நீளம். ஹாஸ்பிட்டல் வந்ததும் மேனேஜர் கையை உயர்த்தினார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொஞ்சம் மெதுவா, அமுக்கிச் சொல்ல முடியுமா?"

"நான் சொன்னது புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது."

"அப்ப அடுத்த பேருக்குப் போகலாம்" என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள்.