கொடி ஏறும் பக்கம்

பென்சில் மொன்னையாக இருக்கிறது என்றார் என் கணவர். அவர் விரல்களால் பிளேடைப் பிடிக்க முடியாது என்பதால் நான்தான் சீவிக் கொடுத்தேன். நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடியும் சீவினேன்.

"இப்படியே சீவிகினு இருந்தா பென்சிலு தீந்துபூடும், படம் வராது" என்று சொல்லிவிட்டு, உலை பொங்குகிறதே என்று எழுந்து போனேன். பின்னால் அவர் சிரித்தது கேட்டது.

அன்று மாலை ஜுரம் திரும்ப ஏறியது. வேலூருக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் முடிவதற்குள் அவர் இல்லை. சிக்குன்குனியாவில் யாரும் சாக மாட்டார்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது, இரண்டாயிரத்து ஆறு. அவருக்குச் சர்க்கரை இருந்தது எங்களுக்குத் தெரியும். இதயத்திலும் கோளாறு இருந்தது என்பது வேலூரில்தான் தெரிந்தது.

என் கணவர் பெயர் சிவப்பிரகாசம். ஆரணியில் எங்களுக்கு வீட்டிலேயே பட்டுத்தறி. நானும் நெய்வேன். மகள் பானுப்ரியா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

சிக்குன்குனியா எங்கள் தெருவுக்கு ஆடி மாதம் வந்தது. முதலில் கோடி வீடு, பிறகு வரிசையாக எல்லா வீடும். ஜுரம் சில நாளில் இறங்கிவிடும், மூட்டு வலி இறங்காது. காலையில் பால் வாங்க வருகிறவர்கள் முதுகை வளைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார்கள். "இன்னாத்தத் தொலைச்சிட்டு இப்படித் தேடிகினு போற?" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். நகராட்சி ஆட்கள் வந்து தொட்டி, குடம், உடைந்த சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் கொசுப்புகை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. யார் வீட்டுக்கும் யாரும் போகவில்லை.

எனக்கும் பானுவுக்கும் சீக்கிரம் உடம்பு தேறிவிட்டது. அவருக்கு விரல்கள் வீங்கி மடங்காமலே நின்றுவிட்டன. தறிக்குழிக்குள் காலை இறக்கவும் முடியவில்லை. தறிமேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க அங்கேதான். இருபது வருடமாகக் குழியில் உட்கார்ந்து நெய்தவர், எங்கள் கொல்லையில் இவ்வளவு நடக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். முருங்கையில் தேன்சிட்டு வந்தால் கூப்பிடுவார். குளவி மண் எடுத்துப்போனால் கூப்பிடுவார். அடுப்பை விட்டுவிட்டு நானும் போய் நிற்பேன்.

சாக்பீஸைக் கேட்டது அவர்தான். விரலால் பிடிக்க முடியாததால் பானு அதைத் துணியால் அவர் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். தோளிலிருந்து கையை வீசி, கொல்லைச் சுவரில் பெரிதாக ஒன்று வரைந்தார்.

"இன்னாப்பா இது, முதலையா?"

"ஓணான்டி."

"ஓணான் இவ்ளோ குண்டாவா கீது?"

"அதுக்கும் ஜுரம். ஒடம்பு வீங்கிக் கீது."

பிறகு பானுவும் வரைந்தாள். நான் அணில் போட்டேன். அதற்கு வால் மட்டும்தான் அணில் மாதிரி வந்தது. ஆவணி முடிவதற்குள் சுவரில் இடம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே வேலையில் சேர்ந்து உட்கார்ந்து அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னால் இல்லை.

வேலியில் அவரைக்கொடி ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் நாள் கணக்கில் பார்த்தார். ஒருநாள் சொன்னார், "பரிமளா, இங்க பாரு. எல்லாக் கொடியும் ஒரே பக்கமாத்தான் சுத்துது." நேரே நின்று பார்த்தால், ஒவ்வொன்றும் குச்சியின் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறியது. பானு நம்பவில்லை, பந்தயம் கட்டினாள். ஒரு தளிரைப் பிரித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் அது தன்னை அவிழ்த்துக்கொண்டு பழைய பக்கத்துக்கே திரும்பியிருந்தது. இன்னொன்றைச் சுற்றினாள். அதுவும் அப்படியே. பந்தயத்தில் தோற்றவள் அவருக்கு நிலவேம்புக் கஷாயம் குடித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"இதக் கரையா போடணும்" என்றார் அன்றைக்கு.

அவர் அதுவரை தனக்கென்று ஒரு கரை போட்டதில்லை. எந்த இழை எழும்ப வேண்டும் என்று ஓட்டை போட்டுக் கொடுத்த அட்டையை மாட்டி நெய்வார்; மாங்காய், அன்னம், ருத்திராட்சம்.

"கல்யாணப் புடவையில யாருங்க அவரையப் போடுவாங்க?"

"ஏன், கல்யாணப் பொண்ணு சோறு துண்ண மாட்டாளா?"

விரல் கொஞ்சம் மடங்க ஆரம்பித்ததும் சார்ட் பேப்பர் வாங்கிவரச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் பெரிய கரை வைத்த புடவைக்கு வரைந்தார். குச்சி, அதைச் சுற்றி ஏறும் கொடி, மூன்று மூன்றாக இலை, நடுவில் ஊதாப் பூக்கொத்து. கொடி குச்சியைச் சுற்றும் இடத்தை மட்டும் அழித்து அழித்துப் போட்டார். "தப்புப் பக்கம் சுத்தினா அது அவரை இல்ல பரிமளா, வெறும் கயிறு" என்றார். எல்லாம் முடிந்து பூவின் கோடுகள்தான் பாக்கி இருந்தன, அவர் பென்சில் சீவச் சொன்ன அந்தக் காலையில்.

ஐப்பசி மழையில் சுவர்ப் படங்கள் போய்விட்டன. சார்ட் பேப்பர் இருந்தது. அந்தக் கொடி அவர் சொன்னபடி துணியில் ஏற வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதைப் பற்றியும் என்னால் யோசிக்க முடியவில்லை.

பூவின் கோடுகளைப் பானு போட்டு முடித்தாள். டிசைன் போடும் ஹேமநாத்திடம் கொடுத்தேன். அவர் என் கணவருக்குத் தம்பி முறை. கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக இறக்கி, ஜக்கார்டுக்கு அட்டை அடித்து, நூலில் வரிசையாகக் கோத்துக் கொண்டுவந்து தறிமேல் மாட்டிக் கொடுத்தார். தை பிறந்ததும் வேட்டியை எடுத்து உதறிவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன்.

எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்து இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குப் பின்பக்கம்தான் தெரியும். நல்ல பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, கையளவு கண்ணாடியைத் துணிக்கு அடியில் நீட்டிப் பார்ப்போம். நான் மேலேயும் பார்த்தேன், கண்ணாடியிலும் பார்த்தேன். கொடி இடமிருந்து வலமாக, வேலியில் ஏறுவது போலவே ஏறியது. ஒரு முழம் நெய்து, மாதிரிக்கு அறுத்து எடுத்து, திருப்பி மடியில் போட்டேன்.

கொடி வலமிருந்து இடமாக ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் புரியவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு விளங்கியது. பின்பக்கம் சரியாக இருந்தால் முன்பக்கம் இடவலம் மாறித்தானே இருக்கும்? கண்ணாடி அதை இன்னொரு முறை திருப்பி, சரி என்று காட்டிவிட்டது. இத்தனை வருடம் நெய்தவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரிய வேண்டிய தேவையே வரவில்லை. மாங்காய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மாங்காய். அன்னம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அன்னம்.

ஹேமநாத்தை வரச்சொல்லிக் காட்டினேன்.

"அண்ணி, அண்ணன் போட்டத ஒரு கோடு மாத்தாம எறக்கியிருக்கேன்."

"தெரியும். அதான் இப்படி வந்துகீது."

"புடவைய எடுத்துகினு போய்க் கொடியாண்ட வெச்சி யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

அவர் துணியை வாங்கி விரலால் தடவினார். பிறகு, "அண்ணன் கை வெச்ச கடைசி வேலை இது. இதுல போய் மாத்தறதுக்கு எனக்கு மனசு வரல. போட்டது போட்டபடி இருக்கட்டுமே" என்றார்.

"அவரு போட்டதுல தப்பே இல்ல. வேலியில பாத்ததத்தான் போட்டாரு. தறிதான் திருப்பிடுச்சி. இத இப்படியே வுட்டா, அவரு கொடியத் தப்பாப் பாத்தாருன்னு ஆவும்."

"ஒரு கொடி இந்தப் பக்கம் சுத்தினா இன்னா, அந்தப் பக்கம் சுத்தினா இன்னா? கட்டிவுட்டா எப்படி வேணா சுத்தும் அண்ணி."

பானு உள்ளேயிருந்து வந்தாள். "கட்டிவுடுங்களேன் சித்தப்பா, பாக்கலாம்" என்றாள்.

கொல்லைக்குக் கூட்டிப்போனாள். வேலி நிறையக் காய். அதற்கு நடுவிலும் புதுத் தளிர் விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஹேமநாத் ஒரு நீளத் தளிரைப் பிரித்து, தன் இஷ்டப்படி எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். சந்தேகமே வேண்டாம் என்று இன்னும் ஒரு சுற்று போட்டார்.

மறுநாள் காப்பி குடிக்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நேராகக் கொல்லைக்குப் போனார். நானும் பானுவும் பின்னால் போனோம். தளிர் அவர் சுற்றியதை அவிழ்த்துவிட்டு, குச்சியின் மறுபக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து அதையே பார்த்தார்.

"பேஜார் புடிச்ச கொடியா கீதே" என்றார்.

"அப்பா கூட இதத்தான் சொன்னாரு" என்றாள் பானு.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புது அட்டை எதுக்கு அண்ணி? கோத்ததப் பிரிச்சி, பொரட்டிக் கோத்தாப் போதும், திரும்பிக்கும். ஜல்தியா முடிச்சிடலாம்" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து நூலை அறுத்து, ஒவ்வோர் அட்டையாகப் புரட்டி வைத்தார். நானும் பானுவும் பக்கத்தில் உட்கார்ந்து கோத்தோம். முதல் அட்டையை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு புரட்டினார். பிறகு பேச்சும் சிரிப்புமாகிவிட்டது. என் கணவர் வரைந்த ஓணானைப் பற்றிப் பானு சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுபடி நெய்தேன். இப்போது மேலே பார்த்தால் தப்பு, கண்ணாடியில் பார்த்தாலும் தப்பு. இரண்டையும் நம்பாமல் நெய்வது பழகக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு முழம் வந்ததும் அறுத்துத் திருப்பினேன். அரக்கு நிறப் பட்டில் சரிகைக் கொடி இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறியது. எழுந்துபோய் வேலியில் ஒரு கொடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. எனக்கு அழுகை வரும் என்று பானு பயந்துகொண்டு நின்றாள். வரவில்லை. பசிதான் வந்தது.

முதல் புடவை போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிற்று. கடைக்காரர் அதற்கு மல்லிக்கொடி என்று பெயர் வைக்கலாமே, கேட்க நன்றாக இருக்குமே என்றார். மல்லி அல்ல, அவரை என்று சொன்னேன். அந்தப் பெயரிலேயே விற்றது. அதற்குப் பிறகு வேறு கரைகளும் நானே போட்டேன். பிரண்டை ஒன்று, குப்பைமேனி ஒன்று.

மாதிரித் துணி சரியாக வந்த அன்றைக்கு, அந்தச் சந்தோஷத்தில் வேலியில் ஒரு முறம் காய் பறித்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். பானு அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ரசம் கேட்டாள். அவளுக்கு அவரைக்காய் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.